மறுபடியும் கடற்பாசி சூப்

நாளை மறுநாள் என் மகள் யேரினுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் இருவரும் பயன்படுத்தும் மளிகைச் செயலி, வாரச் சமையலைத் தானே தீர்மானித்துச் சாமான் பட்டியலும் போட்டுவிடும். தேர்வன்று காலைக்கு அதில் இருந்தது கடற்பாசி சூப்! வழுக்கும் பாசியைத் தின்றுவிட்டுப் போனால் பரீட்சையில் வழுக்கி விழ வேண்டியதுதான் என்று சியோலில் யாருக்குத் தெரியாது?

அழித்தேன். மதியம் பார்த்தால், அந்தச் சூப்புக்கு வேண்டிய பாசியும் மாட்டிறைச்சியும் மறுபடி பட்டியலில் இருந்தன. அழித்தேன். சாயங்காலமும் அதே கதை.

“இந்தச் சனியன் பிடிச்ச மெஷினுக்கு என் பொண்ணு மேல என்ன கோவம்?” என்று கத்தினேன்.

யேரின் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

“மெஷின ஏம்மா திட்டுற? நீ அழிக்க அழிக்க நான்தான் சேர்த்தேன். நான் டாக்டராகணும்னு உனக்குத்தானே ஆசை, எனக்கா?”