நடுத் தூண்

"தூண் பிள்ளையின்ர முகத்துக்கு நேர நிக்குது. வீடியோவுக்கு மறைக்கும்" என்றார் கூடத்தைப் பார்க்க வந்த வீடியோக்காரர் பத்மநாதன்.

"கமராவைத் தள்ளி வையுங்கோ அண்ணை" என்றாள் கௌசி.

"எங்க தள்ள? றோட்டிலயோ?"

அவள் கணவன் பிரவீனன் சிரித்தான். "உது சும்மா சோடினைக் கட்டைதானே. எடுத்தாப் போச்சு."

அவர்கள் இருந்த அஜின்கோர்ட் பகுதிக் கடைத்தொகுதிகளில் வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் ஓடும் கட்டடங்கள் ஏராளம். எல்லாம் ஒட்டின பலகை. இதுவும் அப்படித்தான் என்று பிரவீனன் அடித்துச் சொன்னான்.

ஆனால் இது கௌசி வருஷக்கணக்கில் சமையல்காரியாக இருந்த விடுதி. உரிமையாளர் வேரோனிக்காவின் தாத்தா, இங்கிலாந்தில் இடிக்கவிருந்த நானூறு வருஷத்துச் சத்திரத்தைக் கட்டை கட்டையாகக் கழற்றிக் கப்பலேற்றி, இங்கே கொண்டுவந்து நிறுத்தினாராம். பொருத்துக்குப் பொருத்து பழைய தச்சனின் உளிக் கீறல்கள் இருந்தன. கீறலும் கீறலும் ஒத்துவந்தால்தான் கட்டையும் கட்டையும் சேரும். ஓர் ஆணி இல்லை. எல்லாம் ஓக் மரத்தில் சீவி அடித்த முளைகள். சுவர் வெறும் அடைப்பு. மேல்மாடியையும் தெருப்பக்கம் நீண்டு நின்ற அதன் முகப்பையும் தாங்கியது மரம்தான்.

கொண்டோ என்கிற அடுக்குமாடி கட்டுகிறவர்கள் எவ்வளவோ கேட்டும் மறுத்துவிட்டு வேரோனிக்கா அதைக் கௌசிக்கு விற்றார். மரத்தில் கைவைக்கக் கூடாது என்று ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். மேலே அறைகள், கீழே சாப்பாடு என்று விடுதியாகவே நடத்தக் கௌசிக்கு ஆசை. பிரவீனனுக்கோ அது விழாக்களுக்கு வாடகைக்கு விடும் ஹோல். மகள் அட்சயா பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடுதான் முதல் விசேஷம்.

"சோடினைக் கட்டையெண்டா மேல்மாடியை ஆர் தாங்குறது? உங்கட கொம்மாவோ?" என்று கேட்டாள் கௌசி.

"அம்மாவை இழுக்காதையும்."

"நான் சத்தியம் பண்ணினனான். தொடாதேங்கோ."

"ஓம், ஓம். தொடமாட்டன்."

மறுநாள் கௌசி பலகாரத்துக்குச் சொல்ல மிசிசாகா போனாள். திரும்பி வந்தபோது கூடமெல்லாம் மரத்தூள். தூண் இரண்டு துண்டாகக் கிடந்தது.

பிரவீனன் கையை விரித்து மேலே காட்டினான். "பாத்தீரே? ஒண்டும் விழேல்ல."

அன்று விழவில்லைதான். சாமத்திய வீட்டுக்கு முன்பே, கனத்த பனி கொட்டிய வாரத்தில் முளைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. மேல்மாடி நடுவில் குழிந்தது. முகப்பு தெருவை நோக்கிச் சாய்ந்தது. நகரசபைக்காரர் வந்து பார்த்தார்கள். திருத்த முடியாது, இடிக்க வேண்டும் என்றார்கள்.

இடிக்கும் நாளில் வேரோனிக்கா எதிர்ப்பக்கம் வந்து நின்றார். கௌசி தெருவைக் கடந்து போனாள். என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

பிரவீனன் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழசுதானே. தானாகவே விழுந்துவிட்டது" என்றாள் கௌசி.

"அது தானாக விழாது, கௌசி." வேரோனிக்கா காரில் ஏறினார்.

சாமத்திய வீடு வேறொரு ஹோலில் நடந்தது. தூணே இல்லாத ஹோல். வீடியோ தெளிவாக வந்திருந்தது. தொடக்கத்தில் என்ன படம் போடுவது என்று பத்மநாதன் கேட்டார்.

"எங்கட பழைய விடுதியின்ர முகப்பைப் போடுங்கோ" என்றான் பிரவீனன். "றோயலா இருக்கும். நானும் அவவும் முன்னால நிக்கிற மாதிரிச் செய்யேலுமோ?"

பத்மநாதன் கௌசியைப் பார்த்தார்.

"படத்தைப் போடுங்கோ அண்ணை" என்றாள் அவள். "உவரை மட்டும் முன்னால நிப்பாட்டாதேங்கோ. மறைக்கும்."