கண்ணம்மாள் நடந்த பதினாலாயிரம் அடி

கண்ணம்மாளுக்குக் கோபம் வந்தால் களித்துடுப்பு முதல் ஆட்டுக்குட்டி வரை எல்லாம் திட்டு வாங்கும். இந்த மூன்று மாதமாக அவ்வளவையும் ஒரு போன்தான் மொத்தக் குத்தகைக்கு வாங்கிக்கொண்டிருந்தது.

அறுபத்தாறு வயதில் அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. "ஆறு கிலோ எடையைக் குறைச்சுட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார் தர்மபுரி டாக்டர். உடனே பெங்களூரில் இருக்கும் மகன் கலைவாணன், வயதானவர்கள் எடை குறைப்பதற்கென்றே இருக்கும் ஒரு ஆப்பில் அவளைச் சேர்த்துவிட்டான். சனிக்கிழமைதோறும் சுமித்ரா என்ற பயிற்சியாளர் சென்னையிலிருந்து வீடியோவில் வருவாள். சாப்பிடும் தட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எத்தனை அடி நடந்தாள் என்பதைப் போனே எண்ணிக்கொள்ளும். எல்லாவற்றையும் மகன் அங்கிருந்தே பார்க்கலாம். பார்க்க இப்படி ஒரு வழி கிடைத்தபிறகு அவன் ஊர்ப்பக்கம் தலைகாட்டவே இல்லை.

களியைப் பாதி உருண்டையாக்கச் சொன்னாள் சுமித்ரா. கண்ணம்மாள் ஆக்கினாள். எடையும் இறங்கியது. நடைதான் வம்பில் வந்து முடிந்தது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் சாமந்தி. விடியலில் பறிக்கும்போது மடி நிறையப் பனி சொட்டும் பூ இருக்கும். அந்த ஈரத்தில் யாராவது போனைச் செருகுவார்களா? வரப்பு வேப்பமரத்தில் கூடையோடு மாட்டிவிட்டுத்தான் எல்லோரும் பூக்காட்டில் இறங்குவார்கள். அவள் நொண்டி நொண்டி உச்சிவெயில் வரை பறித்தாள். மரத்தில் தொங்கிய போன் முந்நூற்றுப் பன்னிரண்டு அடி என்றது.

அன்றைக்கே மகன் கூப்பிட்டான். "ஏம்மா, நாள் பூரா உக்காந்தே இருக்கியா? சோம்பல் படாம கொஞ்சம் நடக்கலாமில்ல?"

கோழி கூவும் முன் எழுந்து பூப்பறித்து அவனைப் படிக்கவைத்தவளைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் ஆடு ஓட்டிக்கொண்டு கிளம்பிய புருஷன் சென்றாயனின் இடுப்பில் போனைச் செருகிவிட்டாள். "இந்தாய்யா, உன்கூடவே வெச்சிரு. யாரு நடந்தா இன்னா, ஒரே வூட்டுக் காலுதானே."

சென்றாயன் காடு மேடெல்லாம் சுற்றி வந்தான். பதினாலாயிரம் அடி. சுமித்ரா கைதட்டினாள். மகன் குடும்பக் குரூப்பில் கட்டைவிரலைத் தூக்கினான். கண்ணம்மாளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு மாதம் இப்படியே ஓடியது.

ஆறு கிலோவும் குறைந்து முடிந்த சனிக்கிழமை, போனில் ஒரு கட்டத்தில் சுமித்ராவும் இன்னொரு கட்டத்தில் மகனும் வந்தார்கள். ஆபரேஷனுக்கு நாள் சொல்லப்போகிறார்கள் என்று கண்ணம்மாள் துவைத்த சேலை கட்டி, வீட்டில் பூக்குவியலுக்கு எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சூப்பர்ம்மா" என்றாள் சுமித்ரா. "உங்க ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பினோம். தினமும் இவ்வளவு நடக்கிறவங்களுக்கு ஆபரேஷன் இப்போ தேவையில்லைன்னு சொல்லிட்டாரு. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாமாம்."

"நிம்மதியாச்சு" என்றான் கலைவாணன். "நானும் லீவு போட வேணாம்."

கண்ணம்மாளுக்குத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தது. அதைவிட மகனின் நிம்மதிதான் அதிகமாகச் சுட்டது.

"நடந்தது நானில்ல, உங்கப்பன்" என்றாள்.

"ஏம்மா இப்படிப் பொய் சொன்ன?"

"சொன்னேன்தான். காலு வலிக்குதாம்மான்னு ஒரு நாளாச்சும் கேட்டியாடா? எத்தன அடி, எத்தன அடின்னுதானே கேட்ட. அதான் அடியக் குடுத்தேன்."

தன் முழு உருவமும் தெரியும்படி போனைக் கூடையில் சாய்த்து வைத்தாள். "இப்ப எந்திரிக்கப் போறேன். நான் நிமிந்து நிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. எண்ணுறதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

ஒருக்களித்துப் புரண்டாள். இரண்டு கையையும் ஊன்றினாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. தவழ்ந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்; கை வழுக்கி மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி பிடித்தாள்.

"போதும்மா" என்றான் மகன்.

"எண்ணுடா."

அவள் நிமிர்ந்து நின்றபோது சுமித்ரா எண்பத்தேழு என்றாள். மகனின் குரல் நாற்பதிலேயே நின்றுபோயிருந்தது.