இடது பக்கக் கதவு

பொன்னழகு வந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் சத்தம் நின்றது. சொர்ணவல்லியின் கையிலிருந்த பாலிஷ் மெஷின் இன்னும் சில சுற்றுச் சுற்றி அடங்கியது. கரண்டு போய்விட்டது என்று நினைத்துத் திரும்பினாள். நாத்தனார் வயரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"எத்தன தடவ கூப்பிடுறது சொர்ணம்."

"அவுக எந்திரிச்சுட்டாகளா மதினி? கார்ல இந்தக் கதவு ஒண்ணுதான் பாக்கி. தொடச்சுட்டு வாரேன்."

பொன்னழகு குனிந்து வயரைத் தரையில் வைத்தாள், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பது போல. அதைப் பார்த்ததும் சொர்ணவல்லிக்குத் தெரிந்துவிட்டது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

கணவர் அரசப்பன் சுவர்ப்பக்கம் முகம் சாய்த்துப் படுத்திருந்தார். கன்னத்தைத் தொட்டாள். சூடு இன்னும் இருந்தது. மூச்சு இல்லை. அவள் விரல் பட்ட இடத்தில் வெள்ளையாகப் பாலிஷ் ஒட்டிக்கொண்டது. முந்தானையால் துடைத்துவிட்டாள். மணி பத்து இருபது.

அரசப்பன் மரவேலை காண்ட்ராக்டர். வாசக்கால், அலமாரி, கட்டில் என்று காரைக்குடியைச் சுற்றி அவர் கை படாத புது வீடு குறைவு. ஆறு வருடத்துக்கு முன்னால் கருநீலத்தில் ஒரு பழைய கார் வாங்கினார். அதை வேறு யாரும் தொட விடமாட்டார். இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு நாள் சிவகங்கைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டி வந்தபோது, சொர்ணவல்லி ஐம்பத்து நாலு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இருபத்திரண்டு நாள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் சிவகங்கையிலிருந்து திரும்பி வண்டியை உள்ளே விடும்போது, கேட் தூணில் இடது பக்கம் முழுக்க உரசிவிட்டாள். அரசப்பன் மெதுவாக இறங்கினார். முன் கதவிலிருந்து பின் கதவு வரை ஓடிய கீறலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தூணைப் பார்த்தார். "மாத்திரைப் பைய எடுத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

போன வாரம் டாக்டர், இனி டயாலிசிஸை இருதயம் தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நேற்று மத்தியானம் அவராகவே கேட்டார்: "நாளைக்குச் சாயந்தரம் என்னைய வாசல்ல உக்கார வையி. வண்டியப் பாத்து ரொம்ப நாளாச்சு."

இடது பக்கம்தான் வாசலைப் பார்த்து நிற்கும். அவருக்குத் தெரியாமல் செய்துவிட வேண்டும் என்று பாலிஷ் மெஷினைப் பத்து நாளுக்கு முன்பே தருவித்து, அட்டைப்பெட்டியோடு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தாள். போனில் ஒரு பையன் சொல்லிக்கொடுக்கும் வீடியோவை மூன்று முறை பார்த்திருந்தாள். காலையில் வண்டியைக் கழுவித் துடைத்தாள். கதவு இடுக்கிலும் கைப்பிடியிலும் பச்சை டேப் ஒட்டினாள். மொச்சைக்கொட்டை அளவுக்கு நாலு பொட்டு பாலிஷ் மருந்தை மெஷின் ஸ்பாஞ்சில் வைத்து, முதலில் ஓர் உள்ளங்கை இடத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் துணியால் துடைத்தாள். சாம்பல் பூத்தாற்போல் இருந்த இடத்தில் நீலம் பளிச்சென்று எழுந்தது. அவள் முகம் அதில் தெரிந்தது. பல மாதங்களாக அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்கூட.

அந்த நேரத்தில்தான் உள்ளே அவர் போய்க்கொண்டிருந்தார் என்பதை, பகல் முழுக்க உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் மறுபடி மறுபடி கணக்குப் பார்த்தாள்.

பந்தல் போட வந்தவர்கள் கார் இடைஞ்சலாக இருப்பதாகச் சொன்னார்கள். எதிர்வீட்டு உடையப்பன் சாவி வாங்கிக்கொண்டு போய் வண்டியைத் தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பச்சை டேப்பும், பின் கதவில் காய்ந்துபோன வெள்ளை மருந்துமாக அது தெருவைப் பார்த்து நின்றது. துக்கத்துக்கு வந்த எல்லாரும் அதைத் தாண்டித்தான் வந்தார்கள்.

"உசுரு போறப்ப பக்கத்துல இருந்தியாத்தா?" என்று நெற்குப்பையிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சித்தி கேட்டாள்.

சொர்ணவல்லி தலையை ஆட்டினாள். இல்லை என்றுதான் ஆட்டினாள். சித்திக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து யாரோ தணிந்த குரலில் சொன்னார்கள்: "காரத் தேச்சுக்கிட்டு இருந்துச்சாம்."

"யாரு அது," என்றாள் பொன்னழகு, தலையைத் திருப்பாமலே. "பேசுறதுன்னா அங்குட்டுப் போயிப் பேசுங்க."

ஒரு மணிக்குத் திருச்சியிலிருந்து மகன் ஸ்ரீதர் வந்தான். அப்பாவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அவள் பக்கம் நகர்ந்து வந்தான்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாகளாம்மா?"

"தெரியலப்பா. நான் வெளிய இருந்தேன்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் அவன் அப்படியே அப்பாவைப் போல இருந்தான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். வீடு கழுவி, ஆளுக்கொரு பக்கம் குளித்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது, சொர்ணவல்லி ஈரத்தலையோடு தெருவில் இறங்கிக் காரிடம் போனாள். யாரும் தடுக்கவில்லை. டேப்பை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பின்னாலேயே பொன்னழகு வந்தது தெரிந்தது.

"அவனுக்குத் தெரியும் சொர்ணம்."

சொர்ணவல்லி நிமிர்ந்தாள்.

"சத்தம் கேட்டதும் முழிச்சுட்டான். என்னக்கா அது, ட்ரில்லான்னான். உன் பொண்டாட்டி கார்க் கீறலத் தேய்க்கிறாடா, மெஷின் வாங்கியிருக்கான்னேன். மறைக்கச் சொன்னது எனக்கு மறந்துபோச்சு."

"என்ன சொன்னாக?"

"கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே கெடந்தான். அவ நல்லாத்தான் ஓட்டுறான்னான். பொறவு, ஓரத்துல அழுத்த வேண்டாம்னு சொல்லுக்கா, ஓரம்னா சீக்கிரம் பெயிண்ட அறுத்துரும், மரமானாலும் அப்படித்தான்னான்." பொன்னழகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லலாம்னு எந்திரிச்சேன். தண்ணி கேட்டான். ரெண்டு ஸ்பூன் குடுத்தேன். மூணாவது ஸ்பூன் உள்ள எறங்கல. நான் முதல்லயே வந்து சொல்லியிருக்கணும். தண்ணி குடுத்துட்டுப் போவோம்னு இருந்துட்டேன்."

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல. அவ்வளவுதான்."

சொர்ணவல்லி முந்தானையின் ஈர நுனியால் பின் கதவில் காய்ந்திருந்த வெள்ளையைத் துடைத்தாள். அது லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டி மறுபடி துடைத்தாள். கதவின் நடுவில் கீறல் மறைந்திருந்தது. விளிம்புக்கு வந்தபோது துணி நின்றது. கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் போய், அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது. கீறல் அங்கேதான் ஆழமாக இருந்தது. போகவில்லையே என்று அழுத்திப் பிடித்திருந்தாள்.

பொன்னழகு குனிந்து பார்த்தாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. விரலை வைத்துத் தடவினாள்.

"இதையா சொன்னான்?"

"ம்."

பொன்னழகு தன் விரலை எடுக்கவில்லை.

தெருக்கோடியில் ஆண்கள் திரும்பி வருவது தெரிந்தது. மொட்டைத்தலையோடு ஸ்ரீதர் முன்னால் வந்துகொண்டிருந்தான். அவர்கள் கால் கழுவ வாசலில் தண்ணீர் வைக்க வேண்டும். சொர்ணவல்லி வீட்டுக்குப் போய், வெளிக்குழாயடியில் வாளியை வைத்துத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. வாளி நிறைந்து, எல்லாப் பக்கமும் வழிந்து, அவள் பாதங்களைச் சுற்றி ஓடி வாசலுக்குப் போனது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஸ்ரீதர் வந்து குழாயை மூடினான்.