எட்டைத் தாண்டாத இருமல்

விடியற்காலை ஐந்து மணிக்கே நூல் மில்லின் பஞ்சு தொண்டைக்குள் இறங்கிவிடும். காற்றில் நூல் அறுந்துபோகிறதென்று ஜன்னல்களையெல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் நாற்பது பெண்கள் நடையாய் நடந்து, அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டே இருப்போம். இருமல் வந்தால் மெஷின் இரைச்சலுக்குள் முகத்தைக் கொடுத்து இருமிக்கொள்வோம். தெரிந்தால் வேலை போய்விடும். அந்த இடத்துக்கு அதே வீட்டிலிருந்து இன்னொருத்தியை எடுப்பார்கள். அதற்கு முதலாளி வைத்திருந்த பெயர் கருணை. நாங்களும் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம்.

மூன்றாம் நம்பர் மெஷினில் முதலில் அக்கா நின்றாள். காசநோயில் எலும்பும் தோலுமாகிச் செத்தாள். பிறகு அதில் நான் நின்றேன்.

அன்று முதலாளி சுற்றிவந்த நேரத்தில் என்னால் அடக்க முடியவில்லை. வாய் பொத்திய துணியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டார்.

"உனக்குமா? சரி, வீட்டுல இருந்து உடம்பப் பாத்துக்க. திங்கக்கிழமை தங்கச்சிய அனுப்பு."

தங்கச்சிக்குப் பத்தொன்பது வயது. நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காதவள்.

"அவ வரமாட்டா, மொதலாளி."

"எதுக்குப் பயப்படற? ஏழு வருஷமா டாக்டர் பாத்துட்டுத்தான் இருக்காரு. வருஷத்துக்கு எட்டுப் பேருக்கு மேல சீக்கு வந்ததே இல்ல. இந்த வருஷம் நீதான் எட்டாவது. நோய் கட்டுக்குள்ளதான் இருக்கு."

ரத்தத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகினேன்.

"எட்டுக்குக் கீழ எறங்கினதும் இல்லயே. எங்கக்கா அந்த எட்டுல ஒருத்தி. அவ போனா, நான் வந்தேன். நான் போனா என் தங்கச்சியா? எட்டு அப்படியே இருக்கு. நாங்கதான் இல்லாமப் போறோம்."

"சீக்காளிய அனுப்பிட்டுத்தானே புது ஆள எடுக்கறேன்?"

"அதே காத்துக்குள்ளதானே நிறுத்தறீங்க?"

இரைச்சலில் வேலை செய்கிறவர்கள் நாங்கள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவோம். வரிசை முழுக்க எங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷின்காரியை ஊசி என்று கூப்பிடுவோம். நாக்கு அப்படி. அவள் கைப்பிடியை இழுத்துத் தன் மெஷினை நிறுத்தினாள்.

"எனக்கும் ஆறு மாசமா இருமல். ஒம்பதுன்னு எழுதிக்குங்க."

அடுத்த மெஷின் நின்றது. "பத்து."

ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. இத்தனை வருடம் இரைச்சல் மறைத்து வைத்திருந்த இருமல் அத்தனையும் அந்த அமைதியில் வெளியே வந்தது. இருபத்து மூன்று பேர். எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது, ஆளுக்கு ஆள் ஒளித்துத்தான் ஒருவருக்கொருவர் நோயைக் கொடுத்திருக்கிறோம் என்று.

"மொத்தப் பேரையும் வெளிய அனுப்பிடுவேன்" என்றார் முதலாளி.

"அனுப்புங்க. இனிமே எங்க வீடுகள்ல இருந்து ஒருத்தியும் வரமாட்டா" என்றாள் ஊசி. "மொதல்ல ஜன்னலத் தெறங்க. வைத்தியம் பாக்கற வரைக்கும் சம்பளத்தோட லீவு குடுங்க. அப்புறம் மெஷின் ஓடும்."

அவர் போலீசுக்குப் போன் செய்ய ஆபீசுக்குள் போனார். யாரும் நகரவில்லை. நான் மெஷின் கழற்றும் இரும்புக்கம்பியை எடுத்து முதல் ஜன்னலின் ஆணிக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். துருவேறிய ஆணி அசையவில்லை. இருமல் என்னை மடக்கிப்போட்டது.

ஊசி வந்து கம்பியின் மறுபாதியைப் பிடித்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் பிடி. பின்னாடி இன்னும் நாலு பேரு பிடிக்கணும்."