அண்ணி பிரிக்காத பொட்டலங்கள்

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கொல்கத்தாவில் ஒரு தேயிலை ஏல அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். ருசி பார்க்கிறவர்களின் கடிதங்களை அடித்து அடித்து, நானும் அவர்களில் ஒருத்தி என்ற நினைப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், துர்கா பூஜை முடிந்து பெரியவர்கள் காலைத் தொட்டு வணங்கும் நாளில், ஸ்ரீராம்பூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு விலை உயர்ந்த டார்ஜிலிங் இலை ஒரு பொட்டலம் கொண்டுபோனேன்.

சுலேகா அண்ணி ஆசையாக வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பாலைச் சுண்டக் காய்ச்சி, இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டி, கடைசியில் என் இலையையும் அதில் கொதிக்கவிட்டுக் கொண்டுவந்தாள். கூடம் நிறைய ஆட்கள். அந்தத் தெருவே அவள் பால் டீக்கு அடிமை.

"ஐயோ அண்ணி! இந்த இலைக்குப் பாலைக் கண்ணுலயே காட்டக் கூடாது. டீயா இது? பாயசம்ல வச்சிருக்கீங்க!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். நான் அந்தக் கோப்பையைத் தொடவேயில்லை.

அடுத்த வருடத்திலிருந்து எனக்கு மட்டும் மெல்லிய பீங்கான் கோப்பையில் பால் சேர்க்காத டீ வந்தது. நானும் வருடம் தவறாமல் ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். உறிஞ்சிவிட்டு, "என் இலை வாசமே தனிதான்" என்று பெருமை வேறு. அடுக்களையிலிருந்து இஞ்சி மணக்கும்போது நாக்கு ஊறும். கேட்கத்தான் வீம்பு விடவில்லை.

அண்ணன் இறந்துபோய் எட்டு மாதமாகிறது. இந்த வருடம் பொட்டலம் வாங்கவில்லை; அண்ணியிடம் பால் டீ கேட்டுக் குடித்துவிடுவது என்ற முடிவோடுதான் ஹவுராவில் ரயில் ஏறினேன். அண்ணனும் இல்லாத வீட்டில் இன்றும் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டால், சாகும்வரை விருந்தாளிதான். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அண்ணியின் காலைத் தொட்டேன். அண்ணி ஒரு தேங்காய் உருண்டையை என் வாயில் ஊட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"டீக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல மிதாலி... உனக்கு எப்பவும் உங்க அண்ணன்தான் போடுவாரு. ஸ்டேஷன் கடையில கொஞ்சமா இலை வாங்கிட்டு வருவாரு."

"ஸ்டேஷன் கடையிலயா? அப்போ நான் கொண்டுவந்ததெல்லாம்?"

அவள் அலமாரியைத் திறந்தாள். பதினொரு பொட்டலங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் மேலும் அண்ணியின் கையெழுத்தில் வருடம்.

"நல்ல சரக்கு. என் கையில பட்டா கெட்டுப்போயிடும்னு பத்திரமா வச்சிட்டேன். உங்க அண்ணனையும் பிரிக்க விடலை."

நான் பெருமையடித்ததெல்லாம் ஸ்டேஷன் கடை இலையை வைத்து. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அண்ணி, எனக்கு உங்க பால் டீ போட்டுக் குடுங்க."

"போடி, இன்னும் கிண்டல் பண்ணிக்கிட்டு."

எத்தனை சொல்லியும் நம்பவில்லை. சரி, நானே போடுகிறேன் என்று பாலை அடுப்பில் ஏற்றி இஞ்சியைத் தட்டிப் போட்டேன். பால் பொங்கியது. ஒரு பொட்டலத்தை வெட்டி அதன்மேல் சாய்க்கப் போனேன். அண்ணி பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஐயோ, அந்த இலைக்குப் பாலைக் கண்ணுலயே காட்டக் கூடாது! நீதானே சொன்ன?"

குத்திக் காட்டவில்லை அவள். பாடம் ஒப்பிக்கிற குழந்தையைப் போல அக்கறையாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

பாலை இறக்கி வைத்துவிட்டு வெந்நீர் போட்டாள். கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் நின்றாள். ஒரு இலைகூட விழாமல் வடிகட்டினாள். பீங்கான் கோப்பையை என்னிடம் நீட்டிவிட்டு, உட்காராமல் என் முகத்தையே பார்த்தாள்.

"சரியா வந்திருக்கா?"

பல வருடத்து இலை. வைக்கோலை ஊறவைத்த தண்ணீர்தான் அது.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! இனிமே உனக்கு நானே இப்படிப் போட்டுத் தரேன். இன்னும் பத்துப் பொட்டலம் இருக்கே."

இறக்கி வைத்த பாலில் ஆடை படிந்துகொண்டிருந்தது. நான் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.