காலிப் பெட்டியின் கனம்

அக்கா கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான்.

"பொட்டி செஞ்சது மாமாதான்னு அந்த வீடியோவுல ஒரு வார்த்தை சொல்லிடுடா. கடை பேரையும் சேர்த்துச் சொன்னா இன்னும் நல்லது. அவரு வாயைத் தொறந்து கேக்க மாட்டாரு. அதான் நான் கேக்குறேன்."

இதற்குப் போய் இவ்வளவு தயக்கமா என்று சிரித்தான் தம்பி. "ஒரு வார்த்தை என்னக்கா, ஒரு பாட்டே எழுதிப் பாடிடுறேன்" என்றான். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

தம்பியை வீட்டுக்கு வெளியே எல்லோரும் சுறா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வார இறுதியில் ஒரு மெட்டல் பேண்டின் முதல் கிட்டார். காது கிழியும் சத்தத்தில், தலைமுடியை முன்னால் தள்ளி ஆட்டிக்கொண்டே வாசிக்கும் வகை. அதே பேண்டில் இரண்டாவது கிட்டார் வாசிப்பவனுக்கு ரம்பம் என்று பெயர். அவன் தாளம் அறுக்கிற மாதிரி இருக்கும். பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

மாமா, அக்கா வீட்டுக்காரர், தச்சர். ரெடிமேட் அலமாரிகள் வந்த பிறகு அவர் கடைப்பக்கம் வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கதவும் கட்டிலும் செய்த கை, இப்போது மிஷின் பாகங்களை ஏற்றி அனுப்பும் சரக்குப் பெட்டிகளுக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் வாரத்தில் மூன்று நாள்.

பேண்டின் ஸ்பீக்கர் பெட்டிகள் மொத்தம் எட்டு. இடுப்பு உயரம் ஒவ்வொன்றும். மேடையில் இரண்டிரண்டாக அடுக்கி வைத்தால் கறுப்புச் சுவர் எழுந்து நிற்கும். அதில் ஏழு, காலி. முன்னால் கறுப்புத் துணி, மூலைகளில் இரும்புக் காப்பு, உள்ளே வெறும் காற்று. பார்வைக்காக மாமா செய்து கொடுத்தவை. சத்தம் போடுவது எட்டாவது மட்டும்தான். முதலில் அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் அசல் பெட்டியாக இருந்தது. பயிற்சி அறையின் கூரை ஒழுகி, ஒரு வாரம் தண்ணீரில் நின்று, அடிப்பலகை ஊறிப்போய்விட்டது. மாமா உள்ளே இருந்த நான்கு ஸ்பீக்கர்களையும் கழற்றி, தடித்த பிளைவுட்டில் புதிதாக ஒன்று செய்தார். ஒரு ஆணி இல்லை. இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி மூட்டுகள். பழைய கம்பெனியின் பெயர்ப் பட்டையை எடுத்து முன்னால் ஒட்டிக்கொண்டது மட்டும் சுறாவின் வேலை.

அந்தப் புதுப் பெட்டி வந்த பிறகுதான் எல்லோரும் இவர்களுடைய சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வயிற்றில் வந்து இடிக்கிறது என்றார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த வீடியோ சேனல்காரப் பெண் பேட்டிக்கு நாள் குறித்தாள். அவளே ஒரு காலத்தில் மெட்டல் பேண்டில் கிட்டார் வாசித்தவள். அவள் சேனலில் வந்துவிட்டால் வெளியூர்களிலிருந்து கூப்பிடுவார்கள்.

பேட்டியன்று காலை மாமா பயிற்சி அறைக்குக் கூடவே வந்தார், பெட்டிகளை நகர்த்திக் கொடுக்க. புது நீலச் சட்டை. அக்கா தேய்த்த மடிப்பு முழங்கை வரைக்கும் கோடு போட்ட மாதிரி நின்றது. வேலைச் சட்டையைப் பையில் சுருட்டி வைத்திருந்தார். கேமரா தயாரானதும் கதவோரமாகப் போய் நின்றுகொண்டார்.

பேட்டி நன்றாகத்தான் தொடங்கியது. அவள் சுறாவின் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து, தளர்த்தி விட்டிருந்த தடித்தந்தியைச் சுண்டிப் பார்த்தாள். இதில் துணி காயப்போடலாம் போலிருக்கிறதே என்றாள். தந்தி தளர்ந்தால்தான் சுரம் பாதாளத்துக்கு இறங்கும் என்று சுறா விளக்கினான். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உறுமும் என்று வாசித்துக் காட்டினான். யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்றதற்கு ஒரு டஜன் வெளிநாட்டு பேண்டுகளை அடுக்கினான்.

அதே கேள்வி ரம்பத்திடம் போனது. அவன் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன்.

"எனக்கு எங்க பிரஸ்ஸு மிஷின்தாங்க குரு. நாளு பூரா காதுல அதுதான் ஓடும். பேப்பர் சிக்குச்சுன்னா மூணு தடவை முக்கிட்டு ஒரு ஒதை ஒதைக்கும். அதான் எங்க ரெண்டாவது பாட்டு."

கேமராக்காரரே சிரித்துவிட்டார். பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று கேட்டதற்கும் ரம்பம்தான் பதில் சொன்னான். கிட்டார் கையில் இல்லாதபோது வாயாலேயே உறுமி போனில் பதிந்து வைப்பானாம். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாராம். அறை முழுக்கச் சிரிப்பு. கதவோரம் மாமாகூடக் குலுங்கினார்.

சுறா கிட்டாரை மடிக்கு இழுத்துக்கொண்டான். முதல் கிட்டார் யார், இங்கே?

அப்போதுதான் அவள் கேட்டாள். "இந்த சவுண்டு. இது எங்கேருந்து வருது? பொட்டிங்களைப் பத்திச் சொல்லுங்க."

கேமரா கறுப்புச் சுவரின் பக்கம் திரும்பியது. மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முதல் பட்டனைப் போட்டார். அதைச் சுறா பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

அவனுடைய பேண்டின் இணையப் பக்கத்தில், எட்டுப் பெட்டி, முப்பத்திரண்டு ஸ்பீக்கர் என்று இரண்டு வருஷமாக எழுதி வைத்திருக்கிறான். அதை நம்பி வாயைப் பிளந்த பையன்கள் இருக்கிறார்கள். பொறாமையில் வெந்த பேண்டுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. வாய் முந்திக்கொண்டது.

"எல்லாமே ஒரிஜினல். எட்டும் வெளிநாட்டுலேருந்து வரவழைச்சது. உள்ளூர் சரக்கு நம்ம மியூசிக்குத் தாங்காதுங்க."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவனாகச் சேர்த்துக்கொண்டது. ரம்பம் குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்தான். கதவுப் பக்கம் திரும்ப சுறாவுக்குத் துணிவு வரவில்லை.

அவள் தலையாட்டினாள். மேல் வரிசைப் பெட்டி ஒன்று வெளிச்சத்தை மறைக்கிறது, கொஞ்சம் இறக்கி வைக்க முடியுமா என்று கேட்டாள். அது காலிப் பெட்டி. ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் அசல் பெட்டி ஐம்பது கிலோ இருக்குமே. சுறா இரண்டு பக்கமும் பிடித்து முக்கினான். ரம்பம் வேறு வழியில்லாமல் எதிர்ப்பக்கம் போய்க் கைகொடுத்தான். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் அகட்டி, அந்தக் காற்றை இறக்கினார்கள்.

மூன்றாவதாக ஒரு கை வந்து அடியில் தாங்கியது. பழைய வேலைச் சட்டையின் கை. கோந்துக் கறை. புதுச் சட்டைக்கு மேலேயே அதை மாட்டி, பட்டன் எல்லாம் போட்டிருந்தார் மாமா.

"பாத்து சார். கனம்" என்றார்.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து மாப்ள, மாப்ள என்று கூப்பிட்ட வாய். முகத்தில் கோபம் இல்லை. குத்தல் இல்லை. முதலாளி வீட்டுச் சாமானை இறக்குகிறவரின் கவனம் மட்டும் இருந்தது. சுறாவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டன.

கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள். இறக்கிய பெட்டியை விரல் முட்டியால் தட்டினாள். டொக்கென்றது.

"காலிதானே? விடுங்க, இதுல என்ன இருக்கு. எல்லாரும் பண்றதுதான். எங்க பேண்டுல பன்னெண்டு வெச்சிருந்தோம். ஒண்ணுல எங்க டிரம்மர் சோத்து டப்பா வெப்பான்."

எதற்குப் பயந்து பொய் சொன்னானோ, அது ஒன்றுமே இல்லை. சுறா அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து வைத்தான். அவள் அதற்குள் எட்டாவது பெட்டியின் பின்னால் மண்டியிட்டு மூட்டில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆனா இது கம்பெனி செஞ்சது இல்லைங்க. இந்த மூட்டு கைவேலை. சவுண்டு இதுலேருந்துதான் வருது. யாரு செஞ்சது? எனக்கே ஒண்ணு வேணும்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், சொந்த மாமாவைச் சார் போடவிட்டுக் கல்லு மாதிரி நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "தெரிஞ்சவரு ஒருத்தரு" என்று முணுமுணுத்தான்.

அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"நான் சாமான் தூக்க வந்த ஆளும்மா" என்றார் மாமா.

கேமராவும் விளக்கும் பைக்குள் போயின. அவர்கள் வெளியே போனதும், மாமா காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினார். இப்போது ஒற்றைக் கையால். நடித்துக் காட்டத்தான் யாரும் இல்லையே.

ரம்பம் சுறாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவன், இரண்டே வாக்கியம் பேசினான்.

"நீ போய் சொல்றியா, நான் சொல்லவா? நான் சொன்னா நீ இருக்குற பேண்டுல நான் இருக்க மாட்டேன்."

வண்டி கிளம்பப் போன நேரத்தில் சுறா கண்ணாடியைத் தட்டினான். பெட்டியைச் செய்தது யாரென்று சொன்னான். முதலில் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேமராவில் ஐந்து நிமிஷத்துக்குத்தான் பேட்டரி இருக்கிறது என்று மட்டும் சொல்லி இறங்கினாள்.

மறுபடியும் விளக்கு எரிந்தது. எட்டாவது பெட்டியின் மேல் கை வைத்து, இது ஒன்றுதான் சத்தம் போடுகிறது, மற்ற ஏழும் காலி, செய்தவர் என் அக்கா வீட்டுக்காரர் என்று சுறா சொன்னான். கடையின் பெயரையும் சொன்னான். அவள் மாமாவைக் கைகாட்டி உள்ளே அழைத்தாள். அவர் இருந்த கோலத்தில் வந்து நின்றார். கோந்துக் கறைச் சட்டைக்கு மேலே, நீலக் காலர் ஒரு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்தது.

மேல் சட்டையைக் கழற்றுங்க மாமா என்று சொல்ல நினைத்தான். பெட்டியின் மேலிருந்த கையை எடுத்து, அவருக்கு இடம் விட்டு நகர்ந்தான்.

ஏன் ஆணி அடிக்கவில்லை என்று அவள் கேட்டாள். "இவங்க போடுற போடுக்கு ஆணி பத்தே நாள்ல கலகலத்துடும்மா. மரத்தை மரமே புடிச்சாத்தான் நிக்கும்" என்றார்.

பத்து நாள் கழித்து வீடியோ வெளியானது. முதலில் சொன்ன பொய்யை அவள் வெட்டி எடுத்திருந்தாள். இரக்கமோ, நேரமில்லையோ. பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், காலிப் பெட்டி என்று தானாக ஒப்புக்கொண்டு, தச்சரைக் கூப்பிட்டுப் பெருமைப்படுத்திய ஒரு கிட்டார்க்காரன். எவ்வளவு பெரிய மனசு என்று நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். சொந்தக்காரர்களை மதிக்கிறவன் என்று ஒருவர். ஒவ்வொன்றையும் படிக்கும்போது சுறாவுக்குப் போனைக் கவிழ்த்து வைக்கத் தோன்றியது.

மாமாவுக்கு வேலை வந்தது. அந்தப் பெண் ஒன்று, வெளியூர் பேண்டுகள் இரண்டிரண்டு. ஞாயிறு மதியம் சுறா கடைக்குப் போனபோது அக்கா மரத்தூளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து வீடியோவை எத்தனையாவது முறையாகவோ ஓட்டிக்கொண்டிருந்தாள். மாமா அறுப்பு மிஷின் பக்கத்தில் அளவு குறித்துக்கொண்டிருந்தார். வாடா என்று தம்பியை வரவேற்ற அக்கா, கணவரிடம் திரும்பிச் சண்டையைத் தொடர்ந்தாள்.

"எல்லாம் சரி. நான் பாத்துப் பாத்துத் தேய்ச்சுக் குடுத்த சட்டையை மறைச்சுக்கிட்டு, இந்தக் கோந்துச் சட்டையில ஏன் போய் நின்னீங்க?"

"பொட்டி தூக்குனேன்ல. அழுக்காயிடுமேன்னு."

"காலிப் பொட்டின்னு இவனே சொல்றான். அதுல என்னத்த அழுக்கு? நீயாவது கழட்டச் சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"அக்கா, அன்னைக்கு முதல்ல நான்..." என்று ஆரம்பித்தான் சுறா.

மாமா மிஷினைப் போட்டார். பலகை ஒன்று அலறிக்கொண்டு இரண்டானது. அவர் தலை நிமிரவில்லை. சுறா காத்திருந்தான். சத்தம் ஓய்ந்ததும் அக்கா, என்னவோ சொல்ல வந்தாயே என்றாள்.

சொன்னான். வெளிநாட்டுலேருந்து என்று சொன்னதை, உள்ளூர் சரக்கு தாங்காது என்று சேர்த்துக்கொண்டதை, முக்கித் தூக்கியதை, மாமா அடியில் கைகொடுத்துச் சொன்னதை. எதையும் விடவில்லை. அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் வீடியோவை நிறுத்தினாள். போன் திரையில் படிந்த மரத்தூளை விரலால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"உன்னை சார்னா கூப்பிட்டாரு?"

ஆமென்று சுறா தலையை ஆட்டினான்.

மாமா மறுபடியும் மிஷினைப் போட்டார். அறுப்பதற்கு அதில் பலகை எதுவும் இல்லை.