தேவதாரு அறையிலிருந்து எடுத்ததா?

"கையை எடுங்க சித்தப்பா."

"எடுக்க மாட்டேன்."

"வந்தவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும். எங்கப்பா போட்ட கலவை, எங்கப்பா சாவு. தடுக்கறதுக்கு நீங்க யாரு?"

"வேண்டாம்னு உங்கப்பன் சொன்னதை இந்தக் காதால கேட்டவன்."

நூரிஸ் சமையல்கட்டில் இஞ்சி தட்டிப் போட்ட காப்பியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. தார்ப்பாய்ப் பந்தலின் கீழே அண்ணன் ஃபாவியோ இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சிப்ரியான், அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சுருட்டும் சுற்றுவார். மடியில் ஒரு சுருட்டுப் பெட்டி. மூடியின் மேல் அவர் உள்ளங்கை விரிந்து கிடந்தது.

முன்னறையில் அப்பா டெமெட்ரியோ சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். விடிகாலையில்தான் போனார். ஈஸ்டருக்கு முந்தின புனித சனிக்கிழமை என்பதால் பூசை கிடையாது, ஜெபம் மட்டும் சொல்லி எடுத்துப்போகலாம் என்று சாமியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெயில் வேறு. சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தவக்காலத்துக்கென்று காய்ச்சிய இனிப்புப் பீன்ஸையே கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை, ஈ மொய்த்தது.

தம்போரில் என்கிற அந்த ஊரில் சுருட்டு வேலை பார்க்காத வீடு கிடையாது. டெமெட்ரியோ சுருட்டு சுற்றுகிறவர் இல்லை, சுவைக்கிறவர். எந்த வயல் இலையோடு எந்த வயல் இலையைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறவர். காப்பிகூடக் குடிக்காத வாயோடு காலையில் வந்து உட்காருவார். தண்ணீர், ஒரு உப்பு பிஸ்கட், பெயர்ச்சீட்டு ஒட்டாத சுருட்டு, எதிரில் சிப்ரியான். இருவரும் பேசாமல் பிடித்து முடித்தபின் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலையிலிருந்து போகிற சுருட்டெல்லாம் அந்த இரண்டு நாக்கைத் தாண்டித்தான் போனது. நூரிஸும் அங்கேதான், மேல் இலையை நிறம் பார்த்துப் பிரிக்கிற மேஜையில்.

சிப்ரியான் மடியில் இருந்த பெட்டி அப்பாவின் கடைசிக் கலவை. மிதமானது. மிதமானதைப் பயந்தவன்தான் போடுவான் என்று ஊரில் சிரிப்பார்கள். அப்பா அதை ஒத்துக்கொண்டதே இல்லை. தலை சுத்தற மாதிரி எவன் வேணா போடலாம், வாயில இருக்கறப்ப மறக்க விடாம, எழுந்து போறப்ப தொந்தரவும் பண்ணாம போடறதுக்குத்தான் ஆள் வேணும் என்பார். அப்படி ஒன்றுக்காகப் பல வருஷம் இலை மாற்றி இலை வைத்துப் பார்த்தார். போன மழைக்காலத்தில் சுற்றி, தொழிற்சாலையில் தேவதாருப் பலகை அடித்த அறையில் ஆறவைத்த முதல் பெட்டி அது. சேதி கேட்டதும் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போயிருந்த முதலாளி பாதியில் திரும்பி வந்து, பூட்டின தொழிற்சாலையைத் திறந்து, தன் கையாலேயே அதை எடுத்து ஃபாவியோவிடம் கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து எல்லா மேஜையிலும் இதுதான் சுற்றப்போகிறார்கள், சீட்டில் டெமெட்ரியோ பெயர் இருக்கும் என்றும் சொன்னார்.

ஆனால் நேற்று சாயங்காலம் அப்பா சிப்ரியானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேறு சொல்லியிருந்தார். அது சரியாக வரவில்லை. என் பெயரில் வெளியே விடாதே. இலையை எல்லாம் வேறு கலவையில் கொட்டிவிடு. சிப்ரியான் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அது ஜுரப் பேச்சு என்று ஃபாவியோ சொல்லிக்கொண்டிருந்தான். நீங்களும்தானே பிடித்துப் பார்த்தீர்கள், நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லவில்லையா என்று கேட்டான்.

"சொன்னேன். எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அவன் இல்லேன்னுட்டான். அவன் நாக்கு பொய் சொல்லி நீ பாத்திருக்கியா?"

வடிகட்டித் துணி நூரிஸின் கையில் நின்றுவிட்டது. காப்பி விரலில் வழிந்து சுட்டபிறகுதான் கீழே வைத்தாள்.

நாக்கு பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது அவள்.

நேற்றுக் காலையில், புனித வெள்ளியன்று, அப்பா கேட்டார். அந்த முதல் பெட்டியிலிருந்து ஒன்று வேண்டும், இப்போது பார்க்காவிட்டால் இனிமேல் பார்க்க முடியாது என்றார். புதன்கிழமையே தொழிற்சாலை பூட்டியாகிவிட்டது, சாவி கடற்கரையில் முதலாளியிடம். பூட்டியிருக்கிறது அப்பா என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது அது வாயில் வரவில்லை. அவள் கைப்பையில் இரண்டு சுருட்டு கிடந்தது. அதே கலவை. புதன்கிழமை சிப்ரியான் சுற்றி, வேலைக்காரர் பங்கு என்று கொடுத்தது. அலமாரியில் போட்டு வை, மழை வரும்வரை தொடாதே என்று சொல்லியே கொடுத்தார்.

அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சுருட்டைச் சுற்றின அன்றே ஈரத்தோடு பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மாதக்கணக்கில் ஆறவிட வேண்டும். நடுவில் அதற்குக் காய்ச்சல் என்பார்கள். இலைக்குள்ளிருந்து அம்மோனியா வெளியேறுகிற காலம். எவ்வளவு நல்ல கலவையானாலும் அப்போது கசக்கும்.

தெரிந்துதான் எடுத்தாள். நோய்க்கு எடுத்த சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்கு வாயில் ருசியே இல்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். உப்பு போட மறந்த சூப்பையும், இரண்டு தடவை போட்ட சூப்பையும் அவர் ஒரே மாதிரிதான் குடித்தார். இவருக்கு என்ன தெரியப்போகிறது, கையில் ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

தலையணை வைத்துத் தூக்கி உட்கார்த்தினாள். தண்ணீர் கேட்டுக் கொப்பளித்தார். பிஸ்கட் ஒரு துணுக்கு மென்று துப்பினார். சுருட்டை அடியிலிருந்து நுனிவரை விரலால் அமுக்கிக்கொண்டே போனார், குழந்தையின் கையைப் பிடித்துப் பார்ப்பது போல. பற்றவைக்காமலே ஒரு முறை உறிஞ்சினார். அவள்தான் தீ காட்டினாள். வாசலில் நின்ற எனெரியா அத்தை, அப்பாவின் தங்கை, நெருப்பு மூட்டக் கூடாத புனித வெள்ளியில் வீட்டில் நெருப்பு வைக்கிறாளே என்று சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

இரண்டு இழுப்பு வாயோடு விட்டார். மூன்றாவதை மூக்கு வழியாக விட்டார். நூரிஸ் அதை மறந்திருந்தாள். அவருக்கு ருசி நாக்கில் இருந்ததைவிட மூக்கில்தான் அதிகம். முகம் லேசாகச் சுருங்கியது.

"தேவதாரு அறையிலேருந்து எடுத்ததா?"

"ஆமாப்பா."

"முதல் பெட்டியா?"

"ஆமா."

அவர் மறுபடி பிடித்தார். எந்தச் சுருட்டையும் முதல் பகுதியை வைத்து அவர் தள்ளியதில்லை. இருமிக்கொண்டே பாதிவரை போனார். வேண்டாம்ப்பா போதும் என்று அவள் இரண்டு மூன்று தடவை சொல்லியும் கொடுக்கவில்லை. கடைசியில் தானே நீட்டினார்.

"அப்ப நான்தான் தப்பா போட்டுட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் சுருட்டா, கழுதை என்று திட்டியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். தூங்கி எழட்டும் என்று விட்டாள். எழுந்தபோது சிப்ரியான் வந்திருந்தார், அவர் எதிரில் எப்படி என்று விட்டாள். சிப்ரியான் கிளம்பியபோது அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மூச்சு வாங்குகிறவரிடம் சுருட்டைப் பற்றி என்ன பேச்சு என்று அதையும் விட்டாள். அதற்கப்புறம் அவருக்குக் காது கேட்டதா என்று தெரியவில்லை. காதருகே குனிந்து சொன்னாள். சொன்னது சொன்னதாக ஆகவில்லை.

முற்றத்தில் பேச்சு நின்றிருந்தது. முதலாளி வந்துகொண்டிருந்தார். சிப்ரியான் பெட்டியை இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"முதலாளிகிட்ட இப்பவே சொல்லிடறேன். செத்தவன் வாக்கு திங்கக்கிழமைவரை காத்திருக்கக் கூடாது."

நூரிஸ் தட்டை எடுத்தாள். வாசற்படியில் எனெரியா அத்தை இரண்டு பெண்களிடம், நேற்று இந்த வீட்டில் நெருப்பு வைத்தாள், இன்றைக்கு என்ன ஆயிற்று பார்த்தீர்களா என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இவளைப் பார்த்ததும் நிறுத்தினாள். அது ஒன்றுதான் தப்பு என்றால் நூரிஸ் அத்தையின் காலில் விழுந்திருப்பாள்.

பந்தலுக்குள் போய்த் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா பிடிச்சது இந்தப் பெட்டியில உள்ளதில்ல சித்தப்பா."

யாருக்கும் புரியவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். பூட்டியிருந்தது, புதன்கிழமை நீங்கள் கொடுத்ததில் ஒன்றைக் கொடுத்தேன் என்றாள். முதலாளி தொப்பியைக் கழற்றினார். தோமினோ ஆட்ட மேஜையில் காய்களைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை மேஜையிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பந்தலில் இருந்த ஒவ்வொருவருக்கும் புதன்கிழமைச் சுருட்டு வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியும்.

"அவரு நாக்கு செத்துப்போச்சுன்னு நீயே தீர்மானம் பண்ணிட்டியாடி?" என்றான் ஃபாவியோ. குரலை உயர்த்தவில்லை.

சிப்ரியான் அவனைக் கையமர்த்தினார். "எங்கேருந்து எடுத்ததுன்னு அவன் கேட்டானா?"

"கேட்டார்."

"நீ?"

"அறையிலேருந்துன்னு சொன்னேன். ரெண்டு தடவை."

சிப்ரியான் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து முதலாளிக்கு ஒன்று, ஃபாவியோவுக்கு ஒன்று, சுற்றியிருந்த ஆண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். நூரிஸ் தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒன்றை நீட்டினார்.

"நீயும் பிடி. எப்படி இருக்குன்னு நீ சொல்லு."

யாரோ அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்கள். பற்றவைத்தபோது அவள் மனதில் ஒரே வேண்டுதல்தான் இருந்தது. இது மோசமாக இருக்க வேண்டும், கடவுளே. மோசமாக இருந்தால் அப்பா சொன்னது சரி. அவள் சொன்ன பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

முதல் புகையில் வறுத்த ரொட்டியின் மணம் வந்தது. கொஞ்சம் மரவாசம். பயந்துகொண்டே மூக்கு வழியாக விட்டாள். இதமாகப் போனது. கொஞ்ச நேரத்தில் பால் விட்ட காப்பிபோல் ஒன்று மெல்ல ஏறி வந்தது, அடியில் மிளகின் காரம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவில். நெஞ்சில் இடிக்கவில்லை. வாயை விட்டுப் போகவும் இல்லை. சாம்பல் வெள்ளையாக, உதிராமல் நின்றது. அப்பா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"என்ன?" என்றார் சிப்ரியான்.

"நல்லா இருக்கு."

"அது போதாது. மேஜையில அவன் அப்படிச் சொன்னா விடுவானா? மேல சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரொட்டி, மரம், காப்பி என்று. மிளகுவரை வந்ததும் சுருட்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். சிப்ரியான் வற்புறுத்தவில்லை. முதலாளி பக்கம் திரும்பி, திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

ஜெபம் முடிந்து சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஃபாவியோ முன்பக்கம் தோள் கொடுத்தான். தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்கள் பலர் சுருட்டை அணைக்காமலே நடந்தார்கள். நூரிஸும் பெண்களோடு பின்னால் நடந்தாள், கையில் பாதிச் சுருட்டோடு. காற்றில்லாததால் புகை தெருவிலேயே தங்கியது. அந்த ஊரில் மூக்கு இல்லாதவர்கள் யார். வாசலுக்கு வந்து தொப்பியை எடுத்தவர்கள் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார்கள், அப்புறம் மோந்து பார்த்தார்கள். மருந்துக்கடை முன்னால் ஒரு கிழவர், இது யார் போட்ட கலவை, புதுசா இருக்கே என்று கேட்டார்.

"அதோ, முன்னால போறாரே, அவருதான்" என்றார் யாரோ.

நூரிஸ் தலை நிமிராமல் நடந்தாள்.

இதைப் படிக்கிறவர்களில், சாகக் கிடந்தவர் நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னவர் யாராவது இருந்தால், அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நூரிஸ் எங்கள் தெருதான். அவளிடம் சொல்கிறேன்.